தொரை போட்ட அரைப்பேர்

கிளப்புக்கு இப்ப வந்திருக்கிற மெனேஜர் நல்ல மனுஷன். ஆனா கையில அந்தப் பலகை மாதிரி பெரிய போன் இல்லாம மைதானத்துக்குள்ள கால் வைக்க மாட்டாரு. பயிற்சிக்கு வர்ற ஒவ்வொருத்தனும் தன்னோட போன்ல ஒரு பட்டனை அமுக்கணுமாம். அமுக்கினா இவரு பலகையில அவன் பேருக்கு நேரா பச்சை விழும். ஒரு நாள் காலையில பத்தொன்பது பச்சை விழுந்திருந்துச்சு, மைதானத்துல எண்ணிப் பாத்தா பதினொரு பேர். மிச்ச எட்டுப் பேரும் வீட்டுல போர்வைக்குள்ள இருந்தே அமுக்கியிருக்கானுங்க. நான் வாய விட்டு சிரிச்சிட்டேன். அந்தச் சிரிப்புல தான் இந்த வேலை என் தலையில விழுந்துச்சு. "சூசை அண்ணே, டயஸ் தொரை காலத்துல வரவு எப்பிடி எடுத்தாங்கன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க, கிளப் மலர்ல போடுவோம்"னு பொடியங்க பிடிச்சுக்கிட்டானுங்க. போன மாசத்தோட எனக்கு வேலை முடிஞ்சிருச்சு, இனி சாக்குச் சொல்ல வழியில்ல. எனக்கு எழுதத் தெரியாது, பேசுற மாதிரியே எழுதுறேன். பிழை இருந்தா மலர்க் குழு திருத்திக்கட்டும், ஆனா ஆளுங்க பேசினத மட்டும் திருத்த வேணாம்.

நான் ரத்தோட்டைக்கு மேல, ரிவர்ஸ்டன் போற பாதையில ஒரு தேயிலைத் தோட்டத்துல பிறந்தவன். அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடிய வெட்டி விடுறவர். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரல, டவுனுக்கு வந்து கிளப்ல தண்ணி தூக்கினேன். அப்புறம் வெளயாடுறவங்க ஜேசி தொவைச்சேன், பந்துக்குக் காத்தடிச்சேன். பழைய மைதானக்காரர் இடுப்பு பிடிச்சு படுத்துக்கிட்டதும் அவரு சாவிக்கொத்து என் கைக்கு வந்துச்சு. அதோட முப்பத்தொரு வருஷம். படிப்பு, பயிற்சி எல்லாம் இவ்வளவு தான்.

ஆனா கோடு போடுறதப் பத்தி கொஞ்சம் சொல்லணும், அது என் தொழில். மேட்சுக்கு முந்தின நாள் சுண்ணாம்ப வாளியில ஊறப்போடணும், காலையில மெல்லிய துணியில வடிகட்டணும். கட்டி இருந்தா கோடு பல்லுப் போன மாதிரி விட்டு விட்டு விழும். மூலைக்கு மூலை முளை அடிச்சு, தும்புக் கயித்த இழுத்துக் கட்டி, விரலால சுண்டிப் பாக்கணும். நடு வட்டத்துக்கு பத்து யார் நீளக் கயிறு, ஒரு முனை நடு முளையில, மறு முனை என் இடுப்புல. நான் மாடு மாதிரி சுத்தி வருவேன். சுத்தி முடிச்சு, தொடங்கின எடத்துலயே கோடு போய் முட்டினா அன்னைக்கு சோறு நல்லா இறங்கும்.

எங்க கிளப்புக்கு பதிவுல ஒரு நீளமான பேர் இருக்கு, அது யாருக்கும் ஞாபகம் இல்ல. ஊருக்குள்ள கராம்புக் கிளப். ஆரம்பிச்சவரு பெரிய கராம்பு வியாபாரி, ஜேசியும் கராம்பு நெறம். மைதானம் அவரோட சொந்த நெலம். சாகும்போது அவரு ஒரு கண்டிசன் எழுதி வச்சிட்டுப் போனாரு: கிளப் முதல் பிரிவுல வெளயாடுற வரைக்கும் மைதானம் கிளப்புக்கு, இறங்கிட்டா குடும்பத்துக்குத் திரும்பிப் போயிரும். நல்ல எண்ணத்துல தான் எழுதியிருப்பாரு, பொடியங்களுக்கு ஒரு பயம் இருக்கட்டும்னு. ஆனா அவரு பேரன் ஒருத்தர் இருக்காரு. நாங்க தோக்கத் தோக்க அவருக்கு முகம் மலரும். மைதானத்துல கல்யாண மண்டபம் கட்டுறதுக்கு பிளேன் கீறி வச்சிருந்தாரு. ஒவ்வொரு மேட்சுக்கும் மொத ஆளா வந்து உக்காந்து எதிரணிக்குக் கை தட்டுவாரு. ஒரு தடவ பாதி மேட்ச்ல டேப் எடுத்து பெனல்டி கட்டத்த அளந்துக்கிட்டு இருந்தாரு. கேட்டா, "சமையல்கட்டு இங்க வரும் சூசை"ன்னாரு.

அந்த மைதானத்து ஓரத்துல, பவிலியனுக்குப் பின்னால ரெண்டு அறை. நானும் என் பொஞ்சாதி பிலோமினாவும் மகளும் அங்க தான் இருந்தோம். மைதானம் போனா வேலை மட்டும் இல்ல, கூரையும் போயிரும். எனக்கு அப்ப அம்பத்திரெண்டு வயசு. தோட்டத்துல லயத்து வீடும் கெடையாது, டவுன்ல வாடகைக்குப் போக வசதியும் கெடையாது. தோக்குற ஒவ்வொரு மேட்சுக்கும் பிலோமினா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துக்குவா. அந்த வருஷம் மெழுகுதிரிக்கே தட்டுப்பாடு வந்திருக்கும்.

சீசன் பாதியில நாங்க கடைசி எடம். கோச்சா இருந்தவரு வெளிநாட்டு வேலை கெடைச்சு போயிட்டாரு. கிளப் தலைவர் ஹாஜியார் உடனே ஒரு மெனேஜர் வேணும்னு நாலு பக்கமும் சொல்லி வச்சாரு. ஹாஜியாருக்கு டவுன்ல மசாலாக் கடை. பந்து வெளயாட்டப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் ரேடியோவுல கேட்டது, அதனால வெளயாட்டுன்னு வந்துட்டா செந்தமிழ் தான். "உதைபந்தாட்டம்", "நடுவர்", "மூலை உதை"ன்னு தான் சொல்லுவாரு. கோர்னர்னு சொன்னா கடை மூலைன்னு நெனச்சுக்குவாரு.

கண்டியில இருக்கிற யாரோ ஒருத்தர் டயஸ்னு ஒரு பேரச் சொல்லி அனுப்பினாரு. அந்தாளும் வந்தாரு. உயரமான மனுஷன், அறுபத தாண்டின வயசு, தலையில தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. சிங்கள மனுஷன், ஆனா தமிழ்ல வாயத் தொறந்தா எங்கப்பா பேசுற மாதிரியே இருந்துச்சு. நான் தேத்தண்ணி கொண்டுபோய் வச்சிட்டு ஓரமா நின்னுக்கிட்டேன்.

"எத்தன வருஷம் மெனேஜரா இருந்தீங்க?"ன்னு ஹாஜியார் கேட்டாரு.

"இருவத்திரெண்டு வருஷம். விழுந்து கெடந்த மூணத் தூக்கி நிறுத்தியிருக்கேன்."

ஹாஜியார் செயலாளரப் பாத்து புருவத்த உயர்த்தினாரு. டயஸ் தன் பங்குக்குக் கேட்டாரு: "இங்க எத்தன பேர்?"

"இருவத்திமூணு பேர்."

"எல்லாரும் ஒழுங்கா வாறாங்களா?"

"அது தானே நமக்குப் பிரச்சினை."

"நெலம் எப்பிடி?"

"ஒரே மைதானம். மழை பேஞ்சா இடது பக்கம் தண்ணி நிக்கும்."

"கான் வெட்டணும்"னாரு டயஸ் பட்டுன்னு. அப்புறம் குரலத் தாழ்த்தி, "அட்டைத் தொல்லை இருக்கா?"ன்னாரு.

ஹாஜியார் முகம் வாடிருச்சு. "மறைக்க விரும்பல. போன சீசன்ல மட்டும் மஞ்சள் அட்டை பதினாலு, சிவப்பு அட்டை மூணு."

"மஞ்சள்லயும் இருக்கா? நான் கறுப்பு தான் பாத்திருக்கேன்."

"கறுப்பு அட்டை இன்னும் நம்ம பக்கம் வரல"ன்னு ஹாஜியார் கவலையோட சொன்னாரு.

"பயப்படாதீங்க. உப்பும் சவக்காரமும் சேத்து துணியில முடிஞ்சு, முழங்காலுக்குக் கீழ தேச்சு விடணும். ஒரு அட்டை கிட்ட வராது."

"சூசை, குறிச்சு வச்சுக்க"ன்னாரு ஹாஜியார்.

எனக்கு அந்த எடத்துலயே வெளங்கிருச்சு. இவரு தேயிலைத் தோட்டத்து மெனேஜர், எங்க பாஷையில சொன்னா தொரை. கராம்புக் கிளப்னு கேள்விப்பட்டதும், கராம்பு வெளயிற தோட்டத்துக்குத் தான் ஆள் தேடுறாங்கன்னு வந்திருக்காரு. தோட்டத்துல பிறந்த நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். நான் சொல்லல. ஏன்னா அவரு கான் வெட்டணும்னு சொன்னாரு. இடது பக்கம் தண்ணி வடிய கான் வெட்டித் தாங்கன்னு பன்னிரெண்டு வருஷமா நான் கமிட்டிக்கிட்ட கெஞ்சியிருக்கேன், ஒரு நாய் காது குடுக்கல. கேக்காமலே கான் வெட்டணும்னு சொன்ன மொத மனுஷன் இவரு. ஒரு சீசனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, நான் தான் பேனாவக் குடுத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முந்தியே வந்துட்டாரு. அரைக் களிசான், முழங்கால் வரைக்கும் காலுறை, கையில பிரம்பு. பக்கத்துல வந்ததும் சவக்கார வாசம், அதான் அந்த சோப்பு வாசம், அடிச்சுச்சு.

"கராம்பு மரம் எந்தப் பக்கம் சூசை?"

"மரம் இல்ல தொரை. பேரு மட்டும் தான்."

மைதானத்துல பொடியங்க ஓடிக்கிட்டு இருந்தானுங்க. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. "பந்தடிச்சு முடிச்சிட்டு எத்தன மணிக்கு வேலைக்கு வருவாங்க?"

"இது தான் தொரை வேலை."

தொப்பியக் கழட்டி கையில வச்சுக்கிட்டாரு. அப்புறம் என்னையத் திரும்பிப் பாத்து, "நேத்தே ஒனக்குத் தெரியுமா?"ன்னாரு.

"அட்டைப் பேச்சுலயே தெரியும் தொரை."

"ஏன் சொல்லல?"

"நீங்க கான் வெட்டணும்னு சொன்னீங்க."

சிரிச்சாரு. அந்த சீசன் முழுக்க நான் பாத்த ஒரே சிரிப்பு அது தான். "கையெழுத்துப் போட்டாச்சு. ஆள் இருக்கு, நெலம் இருக்கு. மிச்சத்தப் பாத்துக்குவோம்"னு சொல்லி தொப்பிய மறுபடி போட்டுக்கிட்டாரு. ஹாஜியாருக்கு விஷயம் தெரிய ரெண்டு கெழமை ஆச்சு. தெரிஞ்சப்போ ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சாரு, "ஊருக்குள்ள வெளிய விட்டுறாதீங்க"ன்னாரு. அதுக்குள்ள ஊரே சிரிச்சு முடிச்சிருந்துச்சு.

தொரை செஞ்ச மொத வேலை பெரட்டு வச்சது. தோட்டத்துல காலையில எல்லாரையும் ஒரு எடத்துல நிக்க வச்சு ஆள் கணக்கெடுத்து வேலை பிரிச்சுக் குடுக்கிறது தான் பெரட்டு. பவிலியன் பக்கத்து பலாமரத்துல ஒரு தண்டவாளத் துண்டத் தொங்க விட்டாரு. பவிலியன் சுவர் மணிக்கூட்ட பத்து நிமிஷம் முந்தி வச்சாரு. தோட்டத்து டைம்னா அப்பிடித்தானாம், அப்ப தான் ஆள் நேரத்துக்கு வருவான். அந்த மணிக்கூடு காட்டுற நேரத்துக்கு நான் தண்டவாளத்துல இரும்புப் போல்ட்டால பன்னிரெண்டு அடி அடிக்கணும். வாறவன் தன் கைப்போன கேட்டுல தொங்குற கொழுந்துச் சாக்குல போட்டுட்டு வரிசையில நிக்கணும். தொரை ஒரு பெரிய புத்தகத்த விரிச்சு வச்சு ஒவ்வொரு பேரா கூப்பிடுவாரு. அது தான் செக்ரோல்.

நேரத்துக்கு வந்தவனுக்கு முழுப்பேர், ரெண்டு கோடு குறுக்க. பன்னிரெண்டாவது அடி விழுந்த பெறகு வந்தவனுக்கு அரைப்பேர், ஒரு கோடு. வராதவனுக்கு முட்டை. தோட்டத்துல அரைப்பேர்னா அன்னைக்கு அரை நாள் வேலை தான் எழுதுவாங்க. இங்க அத எப்பிடி எழுதுறதுன்னு தொரை ஒரு நாள் முழுக்க யோசிச்சிட்டு ஒரு சட்டம் போட்டாரு. மேட்ச் அன்னைக்கு அரைப்பேர் வாங்கினவன் அரை மேட்ச் தான் வெளயாடுவான், ரெண்டாவது பாதி. யாரா இருந்தாலும் சரி. எழுதின கோட்ட அழிக்கிற பழக்கம் அவருக்குக் கெடையாது. அழிரப்பர் வச்சிருக்கிறவன் கணக்கப்பிள்ளைக்கு லாயக்கில்லன்னு சொல்லுவாரு.

கேப்டன் ஜெயசீலன கங்காணின்னு கூப்பிட்டாரு, தோட்டத்துல கூலி ஆளுங்கள வேலை வாங்குறவனுக்கு அது தான் பேரு. ஜெயசீலன் பேங்க்ல வேலை செய்றவன், அவனுக்கு மானப் பிரச்சினை. "அண்ணே, வீட்டுல என் பொஞ்சாதியும் கங்காணின்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டா"ன்னு என்கிட்ட வந்து புலம்பினான். இருவத்திமூணு பேர்ல ஏழு பேர தொரை வெட்டி விட்டாரு, அதுக்குப் பேரு கவ்வாத்து. எப்பிடி வெளயாடுறதுன்னு அவருக்குத் தெரியாது, அத கங்காணிகிட்ட விட்டுட்டாரு. ஆனா ரெண்டு மேட்ச் பாத்ததும் ஒண்ணு கேட்டாரு: "பந்து போற எடத்துக்கெல்லாம் ஏன் எல்லாரும் ஓடுறாங்க? கொழுந்து எடுக்கையில ஒருத்தி நிரைக்குள்ள இன்னொருத்தி போனா சண்டை வரும்ல?" அன்னைக்கே சுண்ணாம்புல மைதானத்த நிரை நிரையா பிரிக்கச் சொன்னாரு. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிரை. ஒன் நிரைக்குள்ள பந்து வந்தா நீ பொறுப்பு, அடுத்தவன் நிரைக்குப் போனா நான் கேப்பேன். எதிரணிக்காரன் பந்தோட வர வர நம்ம ஆள் ஒருத்தன் முன்னால நின்னுக்கிட்டே இருந்தான். கங்காணி அசந்துட்டான். "அண்ணே, இதுக்கு வெள்ளைக்காரன் நாட்டுல பெரிய பேரு இருக்கு"ன்னான்.

கான் வேலைய தொரை என்கிட்ட குடுத்தாரு. மம்பட்டியும் அலவாங்கும் எடுத்துக்கிட்டு நானும் ரெண்டு கூலிக்காரங்களும் பத்து நாள் வெட்டினோம். மேல தண்ணி எங்கிருந்து இறங்குதுன்னு நான் சொன்னேன், எவ்வளவு சரிவு வேணும்னு அவரு சொன்னாரு. மண்ணெண்ணெய் போத்தல்ல பாதி தண்ணி ஊத்திப் படுக்க வச்சு சரிவு பாத்தோம். முடிஞ்ச அடுத்த நாளே மழை பேஞ்சுச்சு. இடது பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல. எனக்கு கண்ணு கலங்கிருச்சு, வெக்கத்துல முகத்த மழையிலயே கழுவிக்கிட்டேன்.

நாங்க மொதல்ல தோக்கிறத நிறுத்தினோம், அப்புறம் ஜெயிக்கவும் ஆரம்பிச்சோம். முக்கியக் காரணம் நவாஸ். நாவுலையில இருந்து வாற பொடியன், வாப்பாவுக்கு மரக்கறித் தோட்டம். மரக்கறி லொறியில கத்தரிக்காய் மூட்டை மேல உக்காந்து வருவான். மைதானத்துல அவன் காலு பட்ட பந்து கோல் கம்பத்தத் தேடிப் போகும். பேரன் கை தட்டுறது குறைஞ்சு போச்சு. எல்லாம் போய் கடைசி மேட்ச்ல நின்னுச்சு. ஜெயிச்சா முதல் பிரிவுல இருப்போம். சமமா முடிஞ்சாலும் இறங்கிருவோம், மைதானம் பேரனுக்கு. அவரு அன்னைக்கு மண்டபம் கட்டுற எஞ்சினியரையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தாரு.

ஞாயித்துக்கிழமை. மேட்ச் மூணு மணிக்கு, பெரட்டு ஒரு மணிக்கு. காலையில பூசை முடிஞ்சு வந்து பாத்தா மணிக்கூடு நின்னு போயிருந்துச்சு. புது பெட்டரி போட்டு, என் கைக்கடிகாரத்தப் பாத்து, பத்து நிமிஷம் முந்தி வச்சிட்டு ஐஸ் வாங்கப் போனேன். தலையில ஒரே குழப்பம். பிலோமினா சாமான் கட்டுறதுக்கு பெட்டி எல்லாம் எடுத்து வச்சிருந்தா, அத பாத்ததுல வந்த குழப்பம். திரும்பி வந்து, மணிக்கூட்டுல ஒண்ணு ஆனதும் பன்னிரெண்டு அடி அடிச்சேன். அன்னைக்கு எல்லாரும் பயத்துல பன்னிரெண்டு மணிக்கே வந்துட்டானுங்க. நவாஸ் மட்டும் இல்ல.

மூணு நிமிஷம் கழிச்சு லொறி வந்துச்சு. கேட்டுல இருந்து ஓடி வந்தான்.

"அரைப்பேர்"னாரு தொரை.

"தொரை, லொறி நேரத்துக்குத் தான் வந்துச்சு."

"மணிக்கூட்டப் பாரு."

பாத்தான். அவன் போன் வழியிலயே செத்துப் போயிருச்சு, மத்தவன் போனெல்லாம் சாக்குக்குள்ள. கங்காணி முன்னால வந்தான். "தொரை, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் விட்டுக் குடுங்க. மைதானமே போயிரும்."

"மைதானத்துக்காகத் தான் கோடு போட்டேன். போட்ட கோடு போட்டது தான்."

ஹாஜியார் வந்து கேட்டாரு, செயலாளர் கேட்டாரு. தொரை புத்தகத்த மூடி கக்கத்துல வச்சுக்கிட்டாரு.

ரெப்ரி, ஹாஜியார் சொல்ற நடுவர், ரெண்டரைக்கு வந்தாரு. கோட்டப் பாத்துட்டு கையெழுத்துப் போட புத்தகம் கேட்டாரு, நேரம் எழுத மணிக்கூட்டப் பாத்தேன். மூணுக்கு பத்து. என் கைக்கடிகாரத்தப் பாத்தேன். ரெண்டரை. பத்து நிமிஷம் முந்தி இருக்க வேண்டிய மணிக்கூடு இருவது நிமிஷம் முந்தி ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலையில இருந்த குழப்பத்துல பத்து நிமிஷத்த நான் ரெண்டு தடவ தள்ளி வச்சிருக்கேன். நான் அடிச்ச அடியே பத்து நிமிஷத்துக்கு முந்தி விழுந்த அடி. நவாஸ் ஏழு நிமிஷம் முந்தியே வந்து நின்ன பொடியன்.

உடனே போய்ச் சொல்லியிருக்கணும். சொல்லல. இருவத்தஞ்சு வருஷத்துல சூசை தப்புப் பண்ணினான்னு ஒருத்தன் சொன்னதில்ல, அது ஒரு திமிர். சொன்னா எனக்கு முட்டை போட்டு வேலைய விட்டு அனுப்பிருவாருங்கிற பயம் ஒரு பக்கம். சொல்லாட்டி மேட்ச் தோத்து வேலை போயிரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீதி தான், அதுல ரோஷம் வேற. இத எழுதும்போதும் எனக்கு வெக்கமா இருக்கு.

மொதல் பாதியில ஒரு கோல் வாங்கிட்டோம். நவாஸ் வாங்குப் பலகையில உக்காந்து கட்டியிருந்த சப்பாத்து லேஸையே அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருந்தான். பேரன் எஞ்சினியருக்கு கைய நீட்டி வாசல் எங்க வரும்னு காட்டிக்கிட்டு இருந்தாரு. அந்தக் கைய பாத்ததும் எனக்கு எங்கிருந்தோ ஒரு கோவம் வந்துச்சு. பாதி நேர விசில் அடிச்சதும் நேரா தொரைகிட்ட போனேன்.

"தொரை, நவாஸ் மேல தப்பில்ல. மணிக்கூட்ட நான் தான் தப்பா வச்சிட்டேன். பத்து நிமிஷத்த ரெண்டு தடவ வச்சிருக்கேன் போல."

தொரை மணிக்கூட்டப் பாத்தாரு. அவரு கைக்கடிகாரத்தப் பாத்தாரு. மறுபடி மணிக்கூட்டப் பாத்தாரு. நான் ஏச்சுக்கு தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். ஏச்சு வரல. புத்தகத்த விரிச்சு, எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு எழுதினாரு. ஒரு கோடு போட அவ்வளவு நேரம் எடுக்காது.

"நவாசுக்குப் போட்ட அரைப்பேர அழிக்க மாட்டேன். அவன் இப்ப எறங்கட்டும். ஒனக்கும் அரைப்பேர். மிச்ச அரை நாள் நீ எந்த வேலையும் தொடக் கூடாது. போய் அங்க உக்காரு."

"தண்ணி, ஐஸ் எல்லாம் யாரு பாக்கிறது தொரை?"

"உக்காருன்னு சொன்னேன்."

போய் மேட்ச் பாக்க வந்த ஆளுங்களோட உக்காந்தேன். காலி எடம் பேரனுக்குப் பக்கத்துல தான் இருந்துச்சு. இருவத்தஞ்சு வருஷத்துல ஒரு மேட்ச முழுசா உக்காந்து பாத்தவன் இல்ல நான். வாளி, பந்து, ஐஸ், துவாய்னு கோட்டு ஓரத்துலயே ஓடியிருக்கேன். உக்காந்து பாத்தா தான் தெரியுது, மைதானம் எவ்வளவு பெருசுன்னு. அப்பத் தான் பாத்தேன், தொரை வாளியத் தூக்கிக்கிட்டு நின்னாரு. தொப்பி, அரைக் களிசான், முழங்கால் காலுறை, கையில ஐஸ் வாளி. எவனோ விழுந்தான், தொரை ஓடினாரு. தண்ணி பாதி காலுறையில ஊத்துச்சு. கூட்டம் சிரிச்சுச்சு. அவரு சட்டை பண்ணல, கங்காணி முட்டியில ஐஸத் தேச்சு விட்டாரு, சவக்காரம் தேய்க்கிற மாதிரி. ஒரு தொரை எதுக்கு வாளி தூக்குறாருன்னு எனக்கு அன்னைக்கு வெளங்கல. என் மேல இருக்கிற கோவத்துல செய்யிறாருன்னு நெனச்சு கூசிப் போனேன்.

மழை தொடங்குச்சு. நவாஸ் வலது பக்கம் ஒண்ணு அடிச்சு சமப்படுத்தினான். பேரன் கடிகாரத்தப் பாத்தாரு, சமமா முடிஞ்சாலும் அவருக்குப் போதுமே. கடைசியில பந்து இடது பக்கம் போச்சு. எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் ஓடாம நின்னுட்டான். பழைய ஆளு, அந்த எடத்துல மழையில பந்து தண்ணியில நின்னு போகும்னு அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பந்து நிக்கல. கான் தண்ணிய இழுத்துக்கிட்டு போயிருந்துச்சு, பந்து சரசரன்னு ஓடுச்சு, நவாஸ் அதுக்குப் பின்னால ஓடினான். உள்ள போனத நான் பாக்கல, கண்ணு தெரியல. பக்கத்துல இருந்த பேரனக் கட்டிப் பிடிச்சு அழுதுட்டேன். அந்தாளும் பாவம், என் முதுகத் தட்டிக் குடுத்தாரு.

அப்பிடித்தான் மைதானம் மிஞ்சுச்சு, ரெண்டு அறையும் மிஞ்சுச்சு. பிலோமினா பெட்டியெல்லாம் அவுத்தா. மகளுக்கு கல்யாணம் அந்த அறையில இருந்து தான் நடந்துச்சு, பேரன் கூட வந்து சாப்பிட்டுட்டுப் போனாரு. சீசன் முடிஞ்சு ஒப்பந்தமும் முடிஞ்சதும் தொரை செக்ரோல என் கையில குடுத்துட்டு, "ஒன் அலுமாரியிலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டு நாவுல பக்கம் அவரு வாங்கிப் போட்ட சின்னத் தோட்டத்துக்குப் போயிட்டாரு. இப்பவும் அங்க தான் இருக்காரு.

அந்தப் புத்தகத்த ஆறு வருஷமா நான் திறக்கல. தூசி தட்டுவேன், திறக்க மாட்டேன். அந்த ஞாயித்துக்கிழமைப் பக்கத்துல என் பேருக்கு நேரா ஒத்தைக் கோடு இருக்கும், அத பாக்க எனக்கு மனசு வரல. போன கெழமை, இத எழுதுறதுக்காக, வெட்டி விட்ட ஏழு பேர் யாரு யாருன்னு சரி பாக்கத் திறந்தேன். பக்கம் தானா அங்க போய் நின்னுச்சு. நவாஸ், ஒரு கோடு. கீழ சூசை, ஒரு கோடு. அதுக்கும் கீழ, தொரையோட அதே கையெழுத்துல இன்னொரு பேர்: டயஸ். ஒரு கோடு. பக்கத்துல பொடி எழுத்துல, "சூசை பெட்டரி மாத்தினான். பத்து நிமிஷத்த மறந்திருப்பான்னு நான் பத்து வச்சேன். கேக்காம, என் கைக்கடிகாரத்தையும் பாக்காம வச்சது தப்பு."

ஆறு வருஷம் நான் சுமந்த தப்பு என் தப்பே இல்ல. நான் ஒரு தடவ தான் வச்சிருக்கேன். தொரை அன்னைக்கு ஏன் வாளி தூக்கினாருன்னும் இப்பத் தான் வெளங்குச்சு. சிரிப்பு வந்துச்சு, அதவிட கோவம் வந்துச்சு. கோவத்தோடயே போன எடுத்தேன்.

"தொரை, சூசை பேசுறேன். செக்ரோல இப்பத் தான் பாத்தேன்."

"இப்பத் தானா? ஒன் அலுமாரியில தானே வச்சிட்டு வந்தேன்."

"அன்னைக்கே வாயால சொல்லியிருக்கலாம்ல தொரை?"

பின்னால கோழி கொக்கரிக்கிறது கேட்டுச்சு.

"நீ அட்டைப் பேச்சுலயே தெரிஞ்சுக்கிட்டும் சொல்லல. அதுக்கு இது சரியாப் போச்சு"ன்னாரு. அப்புறம், "இப்ப மணி என்ன சூசை?"

"பத்தே கால் தொரை."

"சரியான மணியா?"

"சரியான மணி தான் தொரை. நான் மட்டும் தான் வச்சேன்."